கடுகு போன பக்கம்

ஜாசின் பக்கத்துத் தோட்டத்தை விட்டு நாங்கள் புக்கிட் காத்திலுக்குக் குடிவந்த அன்று, சாமான்களையெல்லாம் இறக்கிய பிறகு அஞ்சறைப் பெட்டியைத் திறந்தேன். நடுக் கிண்ணத்தில் தளும்பத் தளும்ப வைத்திருந்த கடுகு, சீரகத்தின் மேல் போய்க் கொட்டிக் கிடந்தது. மற்றக் கிண்ணங்களில் ஒரு மணிகூட இல்லை. சாமான் ஏற்றி வந்த லோரிக்காரரைப் பார்த்து, "பெட்டிய இந்தப் பக்கமாத்தானே சாய்ச்சு வெச்சீங்க?" என்றேன். "கூடவே உக்காந்து வந்த மாதிரி சொல்றீங்களே" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். அந்தக் கடுகால் பின்னால் ஒரு பொருள் செய்தேன். அதைச் செய்தது யார் என்று ஒரு தாளில் எழுத வேண்டி வந்தபோது, என் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று பிடித்த பிடியை நான் விடவில்லை. தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். பால்மரம் வெட்டிய காலமெல்லாம் என் பெயர் சம்பளக் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்தைத் தவிர எங்கும் ஏறியதில்லை. அதனால்தான் அந்தப் பிடி.

தோட்டத்தை விற்றுவிட்டதால் பிழைப்புக்கு பேக்டரிதான். காலையில் எங்கள் குடியிருப்பு, அந்தத் தாமான் வாசலுக்கே நீல பஸ் வரும். கூந்தல் ஈரம் காயாத பெண்கள் பஸ் நிறைய. சன்னல் ஓரம் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. இன்றும் நீல பஸ் எதையாவது கண்டால் கண் தானாக அந்தச் சன்னலைத் தேடுகிறது.

எங்கள் பேக்டரியில் அழுத்தம் பார்க்கும் மீட்டர் செய்தார்கள். கடிகாரம் போல வட்டமாக இருக்கும். உள்ளே முள் ஆடாமல் இருக்க எண்ணெய் ஊற்றியிருக்கும். நிமிர்த்தி வைத்தால் ஒன்றும் ஆகாது. சாய்த்தால் எண்ணெய் கசிந்துவிடும். பெட்டியின் மேல் அம்புக்குறி போட்டுத்தான் அனுப்புவோம். இருந்தும் கசிந்து கசிந்து திரும்பி வந்தது. பேக்கிங் பகுதியில் நாங்கள் மூன்று பேர். நான், லைன் லீடராக இருந்த ஒரு தமிழ்ப் பெண், அப்புறம் என் வயதில் ஒரு மலாய்க்காரி. லீடர் ஐந்தாம் பாரம் படித்தவள், கல்யாணம் ஆகாதவள், என்னை அக்கா என்பாள். மலாய்க்காரி என்னை ஆச்சி என்பாள். மேனேஜர் எங்களைத் திட்டுவார், நாங்கள் பெட்டிகளை ஏற்றிப்போகும் பேக்டரி லோரிக்காரத் தம்பியைச் சொல்வோம், தம்பி எங்களைச் சொல்வார். லோரிக்காரரை நிறுத்திவிடுவதாகக்கூடப் பேச்சு வந்தது.

அப்போதுதான் எனக்கு அஞ்சறைப் பெட்டி நினைவு வந்தது. இருமல் மருந்துப் போத்தலின் மூடியை ஓர் அட்டையின் நடுவில் ஒட்டினேன். அதைச் சுற்றி நாலு பக்கமும் நாலு தீப்பெட்டித் தட்டு. மூடியில் வீட்டுக் கடுகு. தட்டுகளின் அடியில் பசை, விழுந்த கடுகு திரும்பிப் போகாமல் இருக்க. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். பெட்டி எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தத் தட்டில் கடுகு இருக்கும். லீடரிடம் காட்டினேன். "வெச்சுப் பாருங்கக்கா" என்றாள். மலாய்க்காரி இன்னும் சில அட்டைகளை வெட்டி ஒட்டித் தர, அன்று கட்டிய பெட்டிகள் சிலவற்றுக்குள் ஒன்றொன்றாக வைத்தேன்.

மறுநாள் காலை லோரி ஏற்றும் இடத்தில் ஒரே சத்தம். ஒரு பெட்டியின் மூடி கிழிந்திருந்தது. உள்ளே பார்த்த லோரிக்காரர் நாலடி தள்ளி நின்று கத்தினார்.

"கடுகு! யாரு வேலை இது? நேத்துதான் லோரிக்கு எலுமிச்சம்பழம் மாத்தினேன். அதுக்குள்ள செய்வினையா? நான் இதத் தொடவே மாட்டேன் லா!"

பெட்டி ஏற்றும் ஆட்களும் ஆளுக்கு இரண்டடி பின்னால் போனார்கள். மேனேஜர் சீனர், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "யார் வைத்தது?" என்று மட்டும் கேட்டார். லீடர் என் பக்கத்திலிருந்து விலகினாள். "எனக்குத் தெரியாது சார், இந்த அக்காதான்" என்று கையை நீட்டினாள். மலாய்க்காரியும் என்னைத்தான் காட்டினாள்.

நான் முன்னால் போனேன். "ஆமா, நான்தான் வெச்சேன். ஏன் தம்பி, உங்களுக்குச் செய்வினை வைக்க நான் நல்ல கடுக வீணாக்குவேனா? பூச்சி புடிச்சதா பாத்து வெச்சிருக்க மாட்டேன்?"

சிரிப்பு வந்துவிட்டது எல்லோருக்கும். லோரிக்காரரும் சிரித்தார். ஆனாலும் தான் தொடவில்லை. என்னையே தூக்கி வைக்கச் சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு நான் செய்வினை அக்கா.

பெட்டிகள் போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து அந்தத் தடவை அட்டைகள் திரும்பி வந்தபோது எனக்குத் தலைகுனிவாகப் போய்விட்டது. நாலு தட்டிலும் கடுகு. ரோட்டில் லோரி ஒரு குழியில் இறங்கி ஏறினாலே போதும், மூடியிலிருந்து கடுகு துள்ளிவிடுகிறது. சாய்ந்ததா குதித்ததா என்று தெரியவில்லை. நான் அத்தோடு விட்டுவிட்டேன். லீடர் விடவில்லை. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோணமானி ஒன்றை வாங்கி வந்தாள். ஒரு பலகையின் மேல் அட்டையை வைத்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் நோட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடியில் கொடுத்து உயர்த்திக்கொண்டே போவாள். எத்தனையாவது புத்தகத்தில், எந்தக் கோணத்தில் கடுகு விழுகிறது என்று குறிப்பாள். மூடியின் விளிம்பில் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுவாள், மறுபடி உயர்த்துவாள். ஒரு மாதம் சாப்பாட்டு நேரமெல்லாம் இதுதான். நான் சோறு தின்றேன், அவள் பலகையைத் தூக்கினாள்.

உயர்த்திய விளிம்போடு, பெட்டியில் விலாசச் சீட்டு ஒட்டிய பக்கம் எது என்று அட்டையில் குறித்து, மறுபடி அனுப்பினோம். வந்த அட்டை எல்லாவற்றிலும் கடுகு ஒரே தட்டில், அந்தச் சீட்டுப் பக்கத்தில்.

லோரிக்காரர் அட்டைகளை மேசையில் பரப்பினார். "நல்லா பாருங்க. என் லோரில பெட்டிங்க ஆளுக்கு ஒரு பக்கம் பாத்து நிக்கும். லோரி சாஞ்சா எல்லாத்துலயும் சீட்டுப் பக்கமாவா விழும்?"

அவர் சொன்னது நியாயம். சீட்டுப் பக்கம் ஒரே மாதிரி நிற்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் இரண்டு சக்கரத் தள்ளுவண்டி. சீட்டு கைப்பிடியைப் பார்க்க அடுக்குவதுதான் எங்கள் வழக்கம். கீழே போய் நின்று பார்த்தேன். எங்கள் பகுதி ஆட்கள் வண்டியைத் தங்கள் பக்கம் நன்றாகச் சாய்த்து இழுத்து வந்தார்கள். அத்தனை நாளும் மீட்டரைப் படுக்க வைத்தது நாங்கள்தான். நாலு சக்கர வண்டி வந்தது, கசிவு நின்றது. லோரிக்காரருக்கு நான் பலகாரம் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அப்புறம்தான் அந்தத் தாள். தொழிலாளர் குழுக்கள் தாங்கள் கண்டுபிடித்ததைக் காட்டும் போட்டி ஒன்று மலாக்கா டவுனில் நடக்கவிருந்தது. மேனேஜர் எங்களைப் போகச் சொன்னார். தாளில் ஒவ்வொருவர் பெயரும், நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதும் எழுத வேண்டும். லீடர் எழுதி முடித்திருந்தாள். படித்துக் காட்டச் சொன்னேன். அவள் பெயர் முதலில், ஐம்பது. எனக்கு இருபத்தைந்து. மலாய்க்காரிக்கு இருபத்தைந்து.

"இருபத்தஞ்சா? அது யாரு வீட்டுக் கடுகு?"

"கடுகு கடையிலயும் கிடைக்கும்க்கா. அளவு எடுத்தது யாரு? இத்தன பக்கம் எழுதினது யாரு?"

"செய்வினைன்னு கத்தினாரே, அன்னிக்கு யாரு செஞ்சதுன்னு சொன்னே? நூத்துக்கு நூறும் எனக்கே கொடுத்தியே. இப்ப முக்காப் பங்கு எங்க போச்சு?"

அவள் பேனாவை மூடிவிட்டாள். மலாய்க்காரி என்னவென்று கேட்டாள், சொன்னேன். கெரோப்போக் தின்றுகொண்டிருந்தவளுக்குப் புரையேறிவிட்டது. "சாயா பூன் துஞ்சோக், ஆச்சி" என்று தானும் அன்று கை நீட்டியதை ஒத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள். லீடர் சிரிக்கவில்லை. இரண்டு நாள் நானும் அவளும் பேசவில்லை. பஸ்ஸில்கூட அவள் முன்னால், நான் பின்னால்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. என் சாமான் தனியாக நிற்கும் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள ஆசை. பழைய மாதிரியே ஓர் அட்டை செய்தேன், விளிம்பில் டேப் சுற்றாமல். சுளகில் வைத்து மெல்ல நடந்தேன். கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போவதற்குள் நாலு தட்டிலும் கடுகு. இன்னொன்று செய்தேன். அதுவும் அப்படியே. எந்தப் பக்கம் என்று கேட்டால் எல்லாப் பக்கமும் என்றது. அவள் சுற்றிய டேப் இல்லாவிட்டால் என் கடுகு உளறுகிறது. மூன்றாவது செய்யாமல் கடுகைக் கூட்டி அள்ளினேன்.

திங்கட்கிழமை லீடர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மலாய்க்காரியும் எதிரே இருந்தாள்.

"அந்த நம்பர அடிச்சிடு. யாரு என்ன செஞ்சதுன்னு மட்டும் எழுது. கடுகு எனது, விளிம்பு உனது. அட்ட வெட்டி ஒட்டினது இவ."

"கட்டத்துல நம்பர் இல்லன்னா எடுக்க மாட்டாங்கக்கா."

"அப்ப மூணு பேருக்கும் சமமா போடு."

அவள் போட்டாள். போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "முப்பத்து மூணு, முப்பத்து மூணு, முப்பத்து மூணு. தொண்ணூத்தொம்போதுதான் வருது. ஒண்ணு மிச்சம்."

"அந்த ஒண்ணு எனக்கு" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தாள். அப்புறம் சிரித்த சிரிப்பில் பக்கத்து லைன் பெண்கள் திரும்பினார்கள். "ஆச போகலியே உங்களுக்கு!" என்று சொல்லிக்கொண்டே தாளைக் கிழித்தாள். புதுத் தாளில் முப்பத்து நாலு என்று எழுதி, அதன் எதிரே என் பெயரை முதலில் எழுதினாள். பங்கு கூடியவர் பெயர் மேலே வர வேண்டும் என்பது அந்தத் தாளின் முறையாம்.

போட்டியில் எங்களுக்கு முதல் பரிசு இல்லை, இரண்டாவதும் இல்லை. கலந்துகொண்டதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கண்ணாடி போட்டு கேன்டீன் சுவரில் மாட்டினார் மேனேஜர். பெயர்கள் ரூமியில், மலாய்க்கு எழுதும் ஆங்கில எழுத்தில் இருந்தன, எனக்குப் படிக்கத் தெரியாது. லீடரை வரச்சொல்லி, எது என் பெயர் என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னேன். காட்டினாள். முதல் வரிதான்.

ஒற்றை ஆணியில் மாட்டியிருந்ததால் அது ஓயாமல் சாயும். வேலையை விட்ட நாள் வரை, சாப்பிட்டுவிட்டுப் போகும்போது அதை நேராக வைத்துவிட்டுத்தான் போவேன். நான் லீவு போட்ட நாளில் அவள் வைப்பாள்.