மாமாவின் படத்துக்கு வைத்த பொட்டு

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார். நாங்கள் அவரை மாமா என்றுதான் சொல்வோம்.

நாங்கள் பாரிஸை விட்டு லண்டனுக்கு வந்தபோது, அப்பா துப்புரவு வேலை செய்த வீட்டுக் கிழவி அந்தப் படத்தை அவருக்குக் கொடுத்தாளாம். கல்லில் வரைந்து அச்சடித்தது, நூறு வருடத்துக்கும் மேல் பழையது என்று வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா சொல்வார். நீளக் கோட்டுப் போட்ட ஒருவர் தலை குனிந்தபடி கல்லொன்றில் தனியே இருப்பார். முகத்தில் பாதி இருட்டு. பக்கத்தில் ஒரு நாய்கூட இல்லை.

அம்மாவுக்கு ஒரேயொரு அண்ணன். இலங்கையில் நடந்த சண்டையின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். வீடு எரிந்தபோது அவருடைய படங்களும் எரிந்துவிட்டன. “யோசிச்சுக்கொண்டு இருந்தால் அண்ணை இப்பிடித்தான் இருப்பார்” என்று அம்மா ஒருநாள் சொன்னார். அதோடு பிரெஞ்சுக்காரர் எங்கள் மாமாவாகிவிட்டார். பிளேஸ்டோவிலிருந்து வந்த ஒரு மனுசி, “ஆர் இது, வெள்ளைக்காரன் மாதிரி?” என்று கேட்டதற்கு, “என்ரை அண்ணை” என்று அம்மா கூசாமல் சொன்னார். மனுசி அந்த நீளக் கோட்டை இன்னொருதரம் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். மாமா திரும்பி வரவேண்டுமென்று வெள்ளிக்கிழமைகளில் அம்மா விரதம் இருப்பார்.

எனக்கு அப்போது எட்டு வயது. வெம்பிளியில் அத்தை வீட்டுச் சுவரில் இருந்த படங்களுக்கெல்லாம் மாலையும் சந்தனப் பொட்டும் உண்டு. கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்ப் எரியும். எங்கள் மாமா மட்டும் மொட்டையாக இருக்கிறாரே என்று எனக்குப் பெரிய கவலை. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், கதிரையில் ஏறினேன். சந்தனத்தைக் குழைத்து, நெற்றி இருக்கும் இடம் பார்த்துக் கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்தேன். பிள்ளையாரின் பிளாஸ்டிக் மாலையைக் கழற்றி மாமாவுக்குப் போட்டேன். அம்மா வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சப்போகிறார் என்று வாசலிலேயே காத்து நின்றேன்.

அம்மா என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. மாலையைப் பிடித்து இழுத்ததில் படம் விழுந்து கண்ணாடி நொறுங்கியது.

“உயிரோடை இருக்கிற மனுசனுக்கு ஆரும் மாலை போடுவினமோ? என்ரை அண்ணை வருவார்!”

அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. செத்தவர்களின் படத்துக்குத்தான் அப்படிச் செய்வார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அத்தை வீட்டுச் சுவரில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் செத்தவர்கள் என்பது கன்னம் எரிந்தபோதுதான் விளங்கியது. எனக்குப் பயமாக இருந்தது.

அப்பா கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினார். பிறகு படத்தைக் கவிழ்த்து, பின்பக்க மட்டையைக் கழற்றினார். உள்ளே ஒரு நீலக் கடிதம் மடித்தபடி இருந்தது.

“என்னப்பா அது?”

“படம் ஆடாமல் இருக்க வைச்சது.”

அம்மாவின் அறைக் கதவை ஒருதரம் பார்த்தார். கிண்ணத்தில் மிஞ்சியிருந்த சந்தனத்தை மோதிர விரலால் தொட்டு, கடிதத்தின் மேல் ஒரு பொட்டு வைத்தார். கண்ணை மூடிக் கைகூப்பினார். பிறகு கடிதத்தை அதே இடத்தில் வைத்து மட்டையை மூடினார்.

“அம்மாட்டைச் சொல்லாதை, என்ன?”

“ஓம்” என்றேன். அழுகை நின்றுவிட்டது. நான் வைத்த பொட்டு வீணாகக்கூடாதென்று அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கிறார், அவர் என் பக்கம்தான் என்று நினைத்தேன். அன்றைக்கு எனக்கு உள்ளூரப் பெருமைகூட.

அம்மா அடுத்த வெள்ளியும் விரதம் இருந்தார்.

மாமாவைத் தன் கையால் புதைத்த ஒருவர் எழுதிய கடிதம் அது. அப்பாவும் இறந்துபோன பிறகுதான் அதை எடுத்து வாசித்தேன். மாமாவுக்கு நடந்த ஒரே செத்தவீடு அன்று எங்கள் முன்னறையில்தான் நடந்தது என்பதும், அதற்கு வந்திருந்தவர்கள் அப்பாவும் நானும் மட்டும்தான் என்பதும் எட்டு வயதில் எனக்குத் தெரியாது.