மூன்று கல் போட்ட காசு

அந்த வெள்ளிக் காசைக் கையில் வாங்கியபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுத்தவர் என் பெரியப்பா, செங்கோட்டையில் மரக்கடை வைத்துத் தலை நிமிர்ந்தவர். ஐந்தருவிக்குப் போகிற வழியில் இருந்த எங்கள் குலசாமிக்கு அவர் மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். அதன் ஞாபகமாகக் கொடைத் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, ராஜா தலை போட்ட ரூபாய் அளவில் மதுரையில் சொல்லி அடித்து வாங்கிய காசு அது. ஒரு பக்கம் கோயில். மறுபக்கம், வேறென்ன, அவர் பேர்தான்.

கோயில் என்றால் கோபுரமெல்லாம் கிடையாது. எந்தக் காலத்து ஆட்களோ நட்டுவைத்த கற்கள். முன்வரிசையில் மூன்று, நடுக்கல்லுக்கு நேர் பின்னால் ஒன்று, மேலே மூடினாற்போல் ஒரு பெரிய பாறை. அப்பாவையும் சேர்த்து அண்ணன் தம்பி நாலு பேர். பாகம் பிரித்தபோது கல்லையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். கொடையன்று அவரவர் கல்லுக்கு அவரவர் வீட்டார்தான் எண்ணெய் ஊற்றி மஞ்சள் பூச வேண்டும். பின்கல் எங்கள் அப்பாவுடையது. அவருக்கு நான் ஒரே பிள்ளை. என்னைப் பண்பொழியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சாகக் கிடந்தபோது அப்பா என் கையைப் பிடித்து, "ஏட்டி, நம்ம கல்லக் காய விட்டுராத" என்று மட்டும் சொன்னார்.

காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்று கல்தான் இருந்தது.

"எங்க அப்பா கல்ல எங்க, பெரியப்பா?"

"படம் எடுத்தவன் முன்னால நின்னு எடுத்தான். பின்னால உள்ளது எப்படிட்டி தெரியும்?"

"ஒரு எட்டு தள்ளி நின்னு எடுக்கச் சொல்லியிருக்கலாம்லா?"

"ஆம்பளப் பிள்ள இல்லாத வீட்டுக்குக் கல்லு எதுக்கு? நீ உன் மாப்பிள்ள வீட்டுச் சாமியக் கும்பிடு, போ."

நாசமாய்ப் போக என்று வாய் வரைக்கும் வந்தது. அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்ததால் விழுங்கினேன். இன்றுவரைக்கும் அந்த மனுஷனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

கொடையன்று சாரல். எண்ணெய்ச் செம்பும் மஞ்சளும் குங்குமமும் பூவுமாக மண்டபத்தைச் சுற்றிப் பின்னால் போனேன். கல்லைக் காணோம். அந்த இடத்தில் பாறையைத் தாங்கி ஒரு செங்கல் தூண் நின்றது. அங்கே நின்ற கொத்தனாரைப் பிடித்துக் கேட்டேன். அவர் மடியிலிருந்து காசை எடுத்துக் காட்டினார்.

"மொதலாளி இதக் குடுத்து, இதுல உள்ளபடி கட்டுன்னாவ. மூணுதான இருக்கு?"

"எடுத்த கல்லு?"

"அங்கன, வாசப்படியா போட்டாச்சு."

முன்னால் ஓடினேன். சேற்றுக் காலோடு இரண்டு பேர் எங்கள் கல்லை மிதித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து முந்தானையால் சேற்றைத் துடைத்தேன். எண்ணெய் முழுவதையும் ஊற்றி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூவைப் போட்டேன்.

"இது எங்க அப்பா கல்லு. தைரியம் இருக்கவன் மிதிச்சுட்டு உள்ள போங்க!"

தட்டோடு வந்த பூசாரி நின்றுவிட்டார். எண்ணெயும் மஞ்சளும் கண்ட கல் சாமி. அதில் யார் கால் வைப்பார்கள்? வேறு வாசலும் கிடையாது. மேளம் ஓய்ந்தது.

"தாண்டிப் போம்வே," என்றார் பெரியப்பா.

"சாமியத் தாண்டச் சொல்லுதீயளா? நான் பிள்ளகுட்டிக்காரன்."

பெரியப்பா தானே காலைத் தூக்கினார். பெரியம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்து அலறினாள், "ஐயோ வேண்டாம், நமக்கும் பேரன் பேத்தி இருக்கு!" தூக்கிய கால் கீழே இறங்கியது.

மழை வலுத்தது. பொங்கப்பானை அடுப்பு அணைந்தது. கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியதும் கடப்பாரை வந்தது. கல்லைப் பழைய இடத்தில் நட்டால்தான் பூசை, அதற்கும் எடுக்கச் சொன்னவர் கைதான் முதலில் பட வேண்டும் என்று பூசாரி சொல்லிவிட்டார். பெரியப்பா பட்டுவேட்டியை மடித்துக் கட்டி, சேற்றில் மண்டியிட்டு நெம்பினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மூச்சு வாங்க என்னை நிமிர்ந்து பார்த்தார். என் காலடியில் தண்ணீர்க் குடம் இருந்தது.

"ஒரு வாய் தண்ணி தாட்டி," என்றார்.

"கல்லு நிக்கட்டும், தாரேன்," என்றேன்.