மாமா காரின் வெட்டிவேர்க் காற்று

நான் மாடிப்படியில் உருண்டு தொடை எலும்பை முறித்துக்கொண்டது சித்திரை மாதம். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டு, அடிக்கடி கொண்டுவந்து காட்டச் சொல்லி அனுப்பினார்கள். திண்டுக்கல்லுக்குத் திரும்பிய அந்த வாடகைக் கார் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு எரிகிறது. கட்டுக்குள் வியர்த்து, வேர்க்குரு பூத்து, சொறியவும் வழியில்லாமல் ஊர் வந்து சேரும்வரை அலறினேன். இனி மதுரைக்கு வரவே மாட்டேன் என்று சாப்பிடாமல் கிடந்தேன்.

அப்போதுதான் குஜிலியம்பாறையிலிருந்து மாமா தன் காரில் வந்தார். அம்மாவின் அண்ணன். தாத்தா இறந்த வீட்டில் ஏதோ ஒரு முறை செய்வதில் வந்த மனத்தாங்கலில் அண்ணனுக்கும் தங்கைக்கும் வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை. எனக்கு அடிபட்டதைக் கேள்விப்பட்டு வந்தவர் அப்பாவிடம் பேசினார், என்னிடம் பேசினார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

மாமாவின் கார், தன் நாட்டுக்கே திரும்பிப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கியது. இடப்பக்கச் சன்னலில் தகர உருளை ஒன்று தொங்கும். அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும். கார் ஓடும்போது உருளையின் முன்வாய் வழியாக நுழையும் காற்று, உள்ளே நனைந்திருக்கும் நார்ச் சுருளில் புகுந்து சில்லென்று வண்டிக்குள் வரும். நார் காய்ந்தால் கயிற்றை இழுக்க வேண்டும். சுருள் சுழன்று மறுபடி நனையும். ஆனால் மாமா வாங்கிய நாளிலிருந்து அது வேலை செய்ததில்லை. அதைச் சரிசெய்து அதில்தான் என்னை மதுரைக்குக் கூட்டிப்போவேன் என்றார்.

முற்றத்தில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உருளையைப் பிரித்தார். நார் மக்கிப் புழுதியாகக் கொட்டியது. அடித்தகரத்தில் துருப்பிடித்த ஓட்டை. ஓட்டையை ஈயம் வைத்து அடைத்தார். நாருக்கு என்ன செய்வது என்று அவர் விழித்தபோது, அம்மா ஒரு கட்டு வெட்டிவேரைக் கொண்டுவந்து பேசாமல் என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். மாமா அதைச் சுருளில் வைத்து இறுக்கிக் கட்டினார்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "பாப்பா, அம்புட்டு இறுக்கிக் கட்டுனா காத்து எப்படிப் போகும்னு கேளு."

"ஒங்க அம்மாவையே வந்து கட்டச் சொல்லுத்தா" என்றார் மாமா.

அம்மா வந்தாள். வேரை உதறி, பின்னல் போடுவதுபோலத் தளர்வாகக் கட்டினாள். மாமா சுருளைப் பிடித்துக்கொண்டார். பிடி, விடு, திருப்பு எல்லாமே என் வழியாகத்தான். இரண்டு பெரியவர்களை நான் வேலை வாங்குவதாக எனக்கு ஒரே பெருமை.

அடுத்த பயணத்தில் அப்பாவால் கடையை விட்டு வர முடியவில்லை. மாமா என்னைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்தார். அம்மா முன்னால், உருளைக்குப் பக்கத்தில். வண்டி வேகம் எடுத்ததும் தண்ணீர் சிதறி அவள் முகத்தில் அடித்தது. நான் கட்டோடு குலுங்கிச் சிரித்தேன். பிறகு காற்று வந்தது. ஈரமாக, வேர் மணத்தோடு, கழுத்துக்குள் இறங்கியது. சின்னாளப்பட்டி தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். அடிபட்ட நாளுக்குப் பிறகு நான் நன்றாகத் தூங்கியது அன்றைக்குத்தான்.

விழித்தபோது முன்னால் பேச்சுக் கேட்டது.

"கயித்த இழு. காஞ்சுபோச்சு பாரு."

"இழுத்துக்கிட்டுத்தானண்ணே இருக்கேன்."

என்னைக் கேட்காமலே பேசுகிறார்களே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம். பின்னாளில் குளிர்சாதனம் வைத்த எத்தனையோ கார்களில் போயிருக்கிறேன். அந்தத் தகர உருளையின் காற்றை நினைத்தால்தான் இருவரையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆடி மாதம் கட்டைப் பிரித்தார்கள். இனி வரவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தத்தித் தத்தி நடந்து, பிறகு ஓடவும் தொடங்கினேன். ஒருநாள் மாமா வந்திருந்தபோது அம்மா சொன்னாள்: "எதுக்கும் இன்னொரு தடவை மதுரையில காட்டிட்டு வந்துருவமாண்ணே?"

மாமா டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தவில்லை. எழுந்து போய் உருளையில் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். நல்ல காலை எதற்குக் காட்ட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிக் காட்டினேன். இருவரும் பார்த்ததாகவே தெரியவில்லை.