வெள்ளிக்கிழமை வெளியே போகாத விளக்கு

போன வெள்ளிக்கிழமை காலை. கொழிஞ்சாம்பாறையில் பெண்கள் விற்பனை மேளா. ஹால் முழுக்க ஊறுகாய், அப்பளம், நைட்டி, கம்பு லட்டு என்று மேஜை மேஜையாக அடுக்கியிருக்கிறார்கள். நடுவில் ஒரு மேஜைக்குப் பின்னால், பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, என் நங்கையா தனலட்சுமி உட்கார்ந்திருக்கிறார்.

மேஜை மேல் என்ன இருக்கிறது? நான்கைந்து டப்பா வாசனை மெழுகு. அவ்வளவுதான். விற்க வந்த முக்கியமான சாமானே இல்லை!

நங்கையா என்றால் எங்கள் பக்கம் கணவரின் அக்கா. அடுத்த தெருவில்தான் வீடு. அவர் விற்பது திரியில்லாத மெழுகுவத்தி. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பீங்கானில் ஒரு சின்னக் கிண்ணம். அதற்குக் கீழே ஒரு பல்பு. கிண்ணத்தில் ஒரு துண்டு மெழுகைப் போட்டு சுவிட்சைத் தட்டினால், பல்பின் சூட்டில் மெழுகு மெல்ல உருகி வீடு முழுக்க வாசம் பரவும். தீ இல்லை, புகை இல்லை. அந்தக் கிண்ணத்துக்குப் பெயர் வார்மர். அன்றைக்கு மேஜையில் இல்லாமல் போனது அதுதான்.

நங்கையாவுக்கு இது முதல் வியாபாரம் இல்லை. முதலில் காளான் வளர்த்தார். எங்கள் பாலக்காட்டு வெயிலில் காளானா? அது தலையைத் தூக்குவதற்குள் கருகிவிட்டது. அப்புறம் நைட்டி. தெரிந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று வாங்கிய பிறகு, தெரியாதவர்கள் யாரும் வரவில்லை.

ஒவ்வொரு வியாபாரமும் படுத்த பிறகு அவர் வந்து சேரும் இடம் எது தெரியுமா? என் சமையலறை!

"ஏம்மிணி, ரசத்துக்கு இவ்ளோ புளியா ஊத்துவாங்க?"

"கடுகு இன்னும் வெடிக்கவே இல்லியே... அதுக்குள்ள ஏன் வெங்காயத்தப் போடறே?"

பிறந்த வீடு என்ற உரிமை. நான் ஒன்றும் சொல்ல முடியாது. வியாபாரம் ஓடுகிற நாட்களில் மட்டும் இந்தப் பக்கம் தலை காட்ட மாட்டார். ஆகவே, இந்த மெழுகு வியாபாரம் ஜெயிக்க வேண்டும் என்று அவரைவிட அதிகமாக வேண்டிக்கொண்டவள் நான்தான் — இதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார். "இதுவும் போச்சுன்னா இனி ஒண்ணுமே வேண்டாம் அம்மிணி. டிவி பாத்துட்டு உக்காந்துக்கறேன்." நங்கையா டிவி பார்த்து உட்காருகிற ஆளா? அன்றிலிருந்து என் வேண்டுதலில் ரசத்தின் பங்கு கொஞ்சம் குறைந்தது.

அவர் விற்கிற விதமே தனி. 'வார்மர்' என்ற வார்த்தையையே வாயில் எடுக்க மாட்டார்.

"இது விளக்குங்க. திரி வேண்டாம், எண்ணெ வேண்டாம். நம்மூருக் காத்துக்கு அணையாது. சாயங்காலம் சுவிட்சப் போட்டா ஊடே கோயிலாட்ட மணக்கும்!"

பக்கத்து ஊரான நல்லேப்பிள்ளியில் ஆறு வீடுகளுக்கு, வீட்டுக்கு ஒன்றாக, வார்மரை ஒரு வாரம் வைத்துப் பார்க்கக் கொடுத்திருந்தார். பிடித்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் அவரே வந்து எடுத்துக்கொள்வார் என்று ஏற்பாடு. கையிலிருந்த மற்றதெல்லாம் விற்றுப் போய்விட்டது. அடுத்த சரக்கு கோயம்புத்தூரிலிருந்து வர இன்னும் நாள் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மலை மேல் இருக்கும் சின்னக்கானலிலிருந்து ஒரு போன். பேசியவர் செல்வராணி. எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்து, இப்போது அங்கேயே சுற்றுலா வருபவர்களுக்கு ரூம் விட்டு நடத்துகிறார்.

"மழ பெஞ்சா ரூமெல்லாம் ஒரே பூஞ்ச வாடைக்கா. மெழுகுவத்தி வச்சுக் குடுத்தா, கெஸ்ட்டு அணைக்காமத் தூங்கிருதாங்க. போன மாசம் ஒரு ஸ்கிரீன் துணியே எரிஞ்சு போச்சு. நீங்க சொல்லுதது நெசமாவே தீயில்லாம உருகுமா? வெள்ளிக்கிழம பொள்ளாச்சிக்கு ஒரு விசேசத்துக்கு வாரேன். அப்படியே வந்து எரியுறதக் கண்ணால பாக்கேன். நல்லாருந்தா எல்லா ரூமுக்கும் வேணும்."

எல்லா ரூமுக்கும்! நங்கையா அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, ரசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போனார். அவ்வளவு சந்தோஷம்.

மேளாவில் மேஜை கிடைத்தாகிவிட்டது. செல்வராணியையும் அங்கேயே வரச் சொல்லியாகிவிட்டது. இனி நல்லேப்பிள்ளிக்குப் போய் அந்த ஆறையும் எடுத்து வர வேண்டியதுதான் பாக்கி. பகலில் போனால் வீட்டில் யார் இருப்பார்கள்? எல்லாரும் தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் வியாழக்கிழமை சாயங்காலம் என் ஸ்கூட்டரில் கிளம்பினோம்.

முதல் வீடு ருக்குமணி வீடு. வாசலிலேயே சந்தன வாசம். உள்ளே சாமி ரூமில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், நங்கையாவின் வார்மர். நெற்றியில்... அதாவது கிண்ணத்தில், குங்குமப் பொட்டு!

"விளக்கு வெச்சுட்டமுங்களே அக்கா..." ருக்குமணி கையைப் பிசைந்தார். "இப்பப் போயி விளக்கத் தூக்கி எப்படீங்க குடுக்கறது?"

"செரி சாமி, காலையில வாரேன்" என்றார் நங்கையா.

"காலையில வெள்ளிக்கிழமையாச்சுங்களே..."

எங்களுக்கு இது தெரியாதா? சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு உப்போ தயிரோ எண்ணெயோ வீட்டை விட்டுக் கொடுக்க மாட்டோம். வெள்ளிக்கிழமை என்றால் நாள் முழுக்கக் கிடையாது. அப்படியிருக்க, விளக்கையே கொடுப்பார்களா? எங்கள் நங்கையாவிடம் ஆறு மணிக்கு மேல் ஒரு கரண்டி உறைமோர் கேட்டுப் பாருங்களேன்! அவரேதான், வாரத்தில் இத்தனை நாள் இருக்க, வியாழக்கிழமை சாயங்காலமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

இரண்டாவது வீட்டிலும் அதே பதில். மூன்றாவது வீட்டில் பதிலோடு காப்பியும் கிடைத்தது. ஆறாவது வீட்டில் "சனிக்கிழமை வாங்கோ, கண்டிப்பாத் தர்றமுங்க" என்றார்கள். சனிக்கிழமை எங்களுக்கு எதற்கு?

திரும்பும் வழியில் நான் பொறுமை இழந்தேன். "இது விளக்கே இல்லீங்க, கரண்ட்டுல மெழுகு உருக்கற சாமான்னு சொல்லியிருக்கலாமில்லீங்க நங்கையா?"

"நாந்தான அம்மிணி விளக்குன்னு சொல்லிக் குடுத்தேன்? இப்ப இல்லீன்னா, இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டு அந்த ஊட்டுக்குள்ள போவேன்?"

"செரி, எங்க ஊட்டுல நீங்க குடுத்தது ஒண்ணு இருக்குதே. அத எடுத்துட்டுப் போங்க."

பின்னாலிருந்து என் தோளில் ஒரு தட்டு. "பொறந்த ஊட்டுல இருந்து, வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்க எடுத்துட்டு வரச் சொல்றியா என்னை? வியாபாரம் போனாப் போகுது. எந்தம்பி ஊடு நல்லா இருக்கோணும்."

இப்படிச் சொல்பவரிடம் யார் சண்டை போடுவது? என் ரசத்தை அவர் திட்டிய பழைய கணக்கெல்லாம் அந்த இடத்திலேயே தள்ளுபடி.

ஆக, வெள்ளிக்கிழமை காலை. காலி மேஜை. வருகிறவர்களுக்கெல்லாம் நங்கையா டப்பாவைத் திறந்து மெழுகை முகரக் கொடுக்கிறார். முகர்ந்துவிட்டு, "எப்படிப் பத்த வெக்கறதுங்க, திரியக் காணமே?" என்று கேட்கிறார்கள். சொன்னால் யாருக்குப் புரிகிறது? பக்கத்து மேஜைக்குக் கம்பு லட்டு வாங்கப் போய்விடுகிறார்கள். போன் அடிக்கிறது. "யக்கா, பொள்ளாச்சியில பஸ் ஏறிட்டேன்!" செல்வராணி. நங்கையா போனை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பை விரலில் சுற்ற ஆரம்பித்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அப்போது ஹால் வாசலில் ஒரு வயர் கூடை. பின்னாலேயே ருக்குமணி. கூடைக்குள் துண்டில் சுற்றி, பொட்டுக் கலையாமல்... வார்மர்!

"வெள்ளிக்கிழமை குடுக்க மாட்டேன்னியே?" நங்கையா எழுந்தே விட்டார்.

"நான் எங்கீங்க அக்கா குடுத்தேன்? குடுக்கறதுதானுங்க ஆகாது. எங்கூட்டு விளக்க நானே தூக்கிட்டு வந்தேன், நானே திரும்பக் கொண்டு போயிருவேன். விளக்கு வெக்கற நேரத்துக்குள்ள ஊடு போயிச் சேந்துட்டாச் செரிங்களே! ராத்திரியெல்லாம் உங்க மொகமே கண்ணுல நின்னுச்சுங்க. காலையில எல்லாத்தையும் போன் பண்ணி எழுப்பிட்டேன். வேலைக்கு இன்னைக்கு லீவு."

அவருக்குப் பின்னால் மற்ற ஐந்து பேரும் வரிசையாக வந்தார்கள். ஆளுக்கொரு கூடை.

நான் அங்கே நிற்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி, எங்கள் வார்மரையும் எடுத்து வந்தேன். "நான் குடுக்கலீங்க நங்கையா. தூக்கிட்டு வந்திருக்கறேன்" என்று மேஜையில் வைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பிளக்க ஒழுங்காச் சொருகு" என்றார்.

செல்வராணி வந்தபோது மேஜையில் ஏழு விளக்குகள். ஹாலே மணக்கிறது. லட்டு மேஜைக்காரரே எழுந்து வந்து பார்க்கிறார். விற்றது நங்கையாவா? இல்லை. அந்த ஆறு பேரும் அவரைப் பேசவே விடவில்லை.

"மல்லி வாசம் வேண்டாமுங்க, எனக்குத் தலவலி வந்துருச்சு. சந்தனம் வாங்குங்க" என்றார் ஒருவர். விற்க வந்த இடத்தில் இப்படியா சொல்வது?

"நான் ஒரு நாளு அணைக்காமயே தூங்கிட்டனுங்க. ஒண்ணும் ஆகலீங்க. காலையிலயும் மணந்துட்டே இருந்துச்சு" என்றார் இன்னொருவர்.

செல்வராணி உருகிய மெழுகின் ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தார். சுடவில்லை. சிரித்தார். "தலவலி வந்ததக்கூட மறைக்காமச் சொல்லுதாங்க பாருங்க, அதான் எனக்குப் பிடிச்சிருக்கு. எல்லா ரூமுக்கும் சந்தனமே போட்டுக் குடுங்கக்கா!"

முந்தின நாள் இந்தப் பெண்கள் மேல் எத்தனை எரிச்சல் எனக்கு! மூடநம்பிக்கை என்று நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பத்தியில் நான்கு வரி திட்டி எழுதவும் மனதுக்குள் தயாராகியிருந்தேன். அவர்களோ தங்கள் வழக்கத்தையும் விடவில்லை, எங்கள் நங்கையாவையும் விடவில்லை. படித்த நான் வாதாடத்தான் யோசித்தேன். அவர்கள் பஸ் ஏறி வர ஒரு வழியை யோசித்திருக்கிறார்கள்.

பொழுது சாய்வதற்கு முன்பே ஆறு கூடைகளும் கிளம்பிவிட்டன. "இனி இது எங்கூட்டு விளக்குங்க, திரும்பக் கேக்கக் கூடாது" என்று சொல்லி, காசு கொடுத்து வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

மறுநாள் சாயங்காலம். விளக்கு வைத்து, வார்மரையும் போட்டுவிட்டு, நிம்மதியாக ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். புளி கொஞ்சம் தூக்கல்தான். கேட்க யார் இருக்கிறார்கள்? நினைத்து முடிக்கவில்லை, வாசலில் குரல்.

"அம்மிணி, உன்ர விளக்கக் கொஞ்சம் குடு. சின்னக்கானலுக்கு வீடியோ எடுத்து அனுப்போணுமாம்."

"விளக்கு வெச்சாச்சுங்களே நங்கையா!"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அட, ஆமால்ல... செரி, வந்ததுதான் வந்தேன். என்ன, ரசமா?" என்று சமையலறைப் பக்கம் திரும்பினார்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு, விளக்கை நானே தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தேன்.