கோயிலுக்கு ஒரு பை, வயலுக்கு ஒரு பை

எங்க வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தா இட்லி மாவுக்குப் பக்கத்துல ஃபிலிம் ரோல் உக்காந்திருக்கும். குளிர்ல வச்சாத்தான் கெட்டுப்போகாதாம். ஒரு தடவ மாவு பொங்கி ரோல் டப்பா மேல வழிஞ்சிட்டுது. அன்னைக்கு என் வீட்டுக்காரர் பகலவன் என்னையப் பாத்த பார்வை இருக்கே, நானே கரண்டியால மொண்டு ஊத்துன மாதிரி. குடவாசல் பக்கம் ஒரு ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி வாத்தியார் அவரு. பிள்ளைங்களுக்கு நல்ல வாத்தியார்தான், அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன். லீவு நாள் வந்தாத்தான் மனுசனுக்குக் கேமரா கிறுக்கு பிடிக்கும். போன்ல எடுங்களேன்னா, ஆயிரம் எடுப்போம், ஒண்ணையும் திரும்பப் பாக்க மாட்டோம்பாரு.

படம் எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும். கிளம்புறதுதான் என் உசுர வாங்குது. திருவையாறு ஆராதனைக்குன்னா பந்தல்ல வெளிச்சம் பத்தாது, அதுக்கு ஒரு ஃபிலிம். க்ளிக் சத்தம் பாட்டுக்கு எடஞ்சலாம், அதனால கேமராவச் சுத்தி வைக்க என்னோட நல்ல டவல். வேளாங்கண்ணிக்குன்னா உப்புக்காத்து, மணலு. வீட்டுல உள்ள பாலிதீன் கவர் அத்தனையும் காலி. எடுத்து வைப்பாரு, அப்பறம் எல்லாத்தையும் கட்டில்ல கொட்டி மறுபடி அடுக்குவாரு. நான் எங்க படுக்குறது? இவ்வளவும் பண்ணி வேளாங்கண்ணிக்குப் போயி எறங்குனா, பேட்டரி திருவையாத்துக்குக் கட்டுன கோயில் பையில இருக்காம். கோயில் பை வீட்டுல இருக்கு. வறுத்த மீன் தின்னுட்டு பஸ் ஏறி வந்தோம்.

இதெல்லாம் போகட்டும்னு விட்டுட்டேன். எங்க அத்தை விசயத்துலதான் என்னால விட முடியல.

அத்தை பேரு அம்சம், இவரோட அம்மா. பாவாடை கட்டுன வயசுலேர்ந்து ஊரான் வயல்ல நாத்து நட்டவங்க. இந்த வருசந்தான் அவங்க பேருலயே மூணு மா, ஒரு ஏக்கர் நிலம் பத்திரம் ஆச்சு. கல்யாணத்துக்கே போட்டோ எடுக்காத ஆளு. அடையாள அட்டையில இருக்குறது நானே இல்ல, ஏதோ திருடி மாதிரி இருக்கும்பாங்க. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. சொந்த வயல்ல மொத நாத்து முடி நடுறப்ப ஒரு படம். கூடத்துல மாட்டணும். மொத நடவு ஒரு தடவதானே வரும்.

அதுக்கு இவரு ஒரு வாரம் பை கட்டுனாரு. பெரிய கேமரா சேத்துல விழுந்தா போச்சு, அதனால சின்னது போதும்னாரு. சின்னதுன்னா பை கொறையும்ல? கொறையல. ரெண்டு பை, ஸ்டாண்டு, கொடை, எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டாரு. நான் இடுப்புலேர்ந்து போனை எடுக்கப் போனேன். "இரு கயலு, நான்தான் எடுக்குறேன்ல"ன்னாரு. எடுக்க எனக்குக் கையும் இல்ல.

வரப்புல சாமி கும்பிட மம்பட்டி, நாத்துன்னு எல்லாம் பரப்பி வச்சிருந்தாங்க. இவரு மூடியைக் கழட்டி, கேமராவை அதுங்க பக்கத்துல வச்சிட்டு, வெளிச்சம் அளக்குற மீட்டரைக் காணோம்னு பைக்குள்ள தலைய விட்டாரு. அவரு தேட, நான் இன்னொரு பையில தேட, கடைசியில அது அவரு சட்டப்பையில இருந்துச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஸ்டாண்டாலயே ஒண்ணு போட்டிருப்பேன், சுத்தி ஆளு இருந்துச்சு.

அத்தை புதுச்சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு வயலோட வடகிழக்கு சனி மூலையில எறங்குனாங்க. இவரு எடுத்தாரு. குனிஞ்சப்ப, நிமிர்ந்தப்ப, சிரிச்சப்ப. அப்படி அவங்க சிரிச்சு நான் பாத்ததில்ல. ரோல் முடியவும் தூத்தல் போடவும் சரியா இருந்துச்சு, அவசரமா மூடியப் போட்டுப் பைக்குள்ள வச்சிட்டாரு.

ஃபிலிமைக் கழுவ சென்னைக்கு அனுப்பணும். போயி, நாள் கழிச்சு படமெல்லாம் இவரு கம்ப்யூட்டருக்கு வந்துச்சு. பக்கத்துல நானும் உக்காந்தேன். ஒண்ணுலயும் மூஞ்சி இல்ல. மங்கலா, கலங்கல் தண்ணி மாதிரி ஒண்ணு. கடைசி வரைக்கும் அதேதான்.

இவரு கேமராவை எடுத்து மூடியத் திறந்தாரு. லென்ஸ் நடுவுல காஞ்ச சந்தனம், பெருவிரல் அகலத்துக்கு.

நடவுக்கு வந்த பூவிழியக் கூப்புட்டுக் கேட்டேன். ஆமாக்கா, உங்க அத்தைதான் மம்பட்டி, மோட்டார், நாத்து முடி எல்லாத்துக்கும் சந்தனம் வச்சாங்க, கேமராவுக்கும் வச்சாங்க, அதுவும் வேலைக்கு வந்த சாமான்தானேன்னா. எதிர்ல நின்ன அத்தனை பேரும் பாத்திருக்காங்க, நல்லதுன்னு நெனச்சு நின்னுருக்காங்க. பெரிய கேமராவா இருந்தா லென்ஸ் வழியாவே பாக்கலாமாம், அப்பவே தெரிஞ்சிருக்கும்னு இவரு சொல்றாரு. சின்னதுல பாக்குற ஓட்டை தனி, லென்ஸ் தனி. பின்னாடி நின்ன எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியல. ஒரு வாரமா யோசிச்சுக் கட்டுன பையோட லட்சணம் இது.

அத்தை அதுக்குள்ள ஃப்ரேமுக்கே சொல்லி வச்சிட்டாங்க. வீட்டுக்கு வந்து, படம் எங்கடான்னு கேட்டாங்க.

இவரு எந்திரிச்சு நின்னாரு. "விழலம்மா. ஃபிலிமை நான் சரியா மாட்டல. தப்பு என்னுது"ன்னாரு.

நான் வாயத் திறந்தேன். இவரு என்னையப் பாத்து வேண்டாம்னு தலைய ஆட்டுனாரு. அம்மா கையாலயே போச்சுன்னு அவங்களுக்குத் தெரியக் கூடாதாம். அவரு மேல எனக்கு இருந்த கோவத்த எங்க கொண்டு போயி வைக்கிறதுன்னு தெரியல.

அத்தை திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டல. வெறும் சுவத்தப் பாத்தாங்க. கண்ணு கலங்கிட்டுது. நட்டதப் பிடுங்கியா மறுபடி நட முடியும்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாங்க. அப்பறம் எந்திரிச்சு வந்து இவரு கையப் பிடிச்சாங்க.

"உன் மேல தப்பு இல்லடா. அன்னைக்கே எனக்கு மனசு உறுத்துச்சு. எல்லாத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வச்சேன், உன் கேமராவுக்கு மட்டும் அவசரத்துல சந்தனத்தோட விட்டுட்டேன். அதான் படம் விழல. அறுப்புக்கு எடுத்துட்டு வா. இந்தத் தடவ கொறை வைக்காம நல்லா வச்சுத் தர்றேன்."

இவரு அம்மா கைய விடவே இல்ல.

"வைம்மா"ன்னாரு.