அக்காவின் கைபேசியிலிருந்து

அக்கா போன பிறகும், அவள் வேலை முடிந்து கிளம்பும் நேரத்துக்கு வீடு தவறாமல் சூடாகிக்கொண்டிருந்தது.

கூடத்துச் சுவரில் இருக்கும் வட்டமான தெர்மோஸ்டாட்தான் ஹீட்டரை இயக்கி, இந்தக் குளிர் ஊரில் எங்கள் வீட்டுச் சூட்டைப் பார்த்துக்கொள்கிறது. இணையத்தோடு இணைந்தது. எங்கிருந்தும் கைபேசியிலேயே கூட்டலாம், குறைக்கலாம். நாளாவட்டத்தில் நம் பழக்கங்களையும் கற்றுக்கொள்ளும். அக்கா அதற்கு அத்தை என்று பெயர் வைத்திருந்தாள். "யாரு எப்ப வந்தா, யாரு எப்ப தூங்கினா, எல்லாம் இதுக்குத் தெரியும். ஆனா வாயத் திறக்காம செவுத்துல உக்காந்திருக்கும் பாரு."

அவள் ஒரு குளிர்க்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாள். உறைந்த மீன் பெட்டிகளை அடுக்குவதும் இறக்குவதும் வேலை. உள்ளே விசிறிகள் போடும் இரைச்சலில் கத்திப் பேசிப் பழகியவள், வீட்டில் தண்ணீர் கேட்டாலும் தெருவுக்கே கேட்கும். புடைத்த குளிர்க்கோட்டில் அவளைப் பார்த்தவர்கள் பனிக்கரடி என்று கூப்பிட்டார்கள். அவளும் அதற்கு 'என்ன' என்று திரும்பிப் பார்ப்பாள். விரல் நுனிகள் எப்போதும் வெடித்திருக்கும். நான் வீட்டிலிருந்தபடி பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவன். "மை பட்ட கை, உனக்கென்னடா, ராஜா கை," என்பாள்.

அவள் வருவதற்கு முன்பே வீடு கொதிக்கத் தொடங்கிவிடும். நான் பனியனோடு உட்கார்ந்து திருத்துவேன். தாள்கள் முழங்கையில் ஒட்டும். பாவம், நாள் முழுக்கப் பனியில் கிடந்தவள், அவளுக்கு வேண்டியிருக்கும் என்று நினைத்து நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளோ வந்ததும் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஒரு நாள் கிடங்குக்குள்ளேயே விழுந்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் குளிர்க்கோட்டையும் சாவியையும் காலணிகளையும் கொடுத்தார்கள். கைபேசி இல்லை. அந்த அமளியில் எங்கோ தொலைந்தது என்று விட்டுவிட்டேன்.

பிறகுதான் தெர்மோஸ்டாட் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. எங்களுடையது பழைய ரகம், இந்த மாதத்தோடு அதற்கு இணையச் சேவை கிடையாது, புதியதற்கு மாறிக்கொள்ளலாம் என்று. மாறலாமா வேண்டாமா என்று யோசித்தபடி அதன் எதிரே போய் நின்றேன். அப்போதுதான் சூடு ஏறத் தொடங்கியிருந்தது. பழகிய பழக்கத்தில் தானாக ஏறுகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். திரையில் சின்ன எழுத்தில் ஒரு வரி தெரிந்து, மெல்ல மங்கியது.

அக்காவின் கைபேசியிலிருந்து மாற்றப்பட்டது.

மறுநாளும் அதே வரி. அதற்கடுத்த நாளும். அவள் எண்ணுக்கு அழைத்துப் பார்த்தேன். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தபின், வீடு இன்னும் கொஞ்சம் சூடானது.

புதியதைப் பொருத்த வரவேண்டிய மெக்கானிக் போன் செய்துகொண்டே இருந்தார். "சார், எப்ப வரட்டும்? தேதி முடிஞ்சா இது வெறும் செவுத்து ஆணிதான்." அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். மாற்றினால் அந்த வரி நின்றுவிடும். மாற்றாவிட்டாலும் மாதக் கடைசியில் நின்றுவிடும். அது நிற்பதற்குள், எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

கைபேசியைக் கடைசியாக அவள் எங்கே வைத்திருப்பாள் என்று கேட்கத்தான் கிடங்குக்குப் போனேன். ஷிஃப்ட் முடியும் நேரம். வாசலில் காவலாளியின் கூண்டு. அவருக்குப் பின்னால் சுவரில் வரிசையாகச் சிறு தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு கைபேசி. அவர் ஒன்றை எடுத்து எதையோ அழுத்திவிட்டு, பழையபடி சார்ஜரில் செருகினார். மூலை உடைந்த பச்சை உறை. நான்தான் வாங்கிக் கொடுத்தது.

"அண்ணே, அது எங்க அக்காவோடது."

அவர் திரும்பி என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "பனிக்கரடியோட தம்பியா? ஜாடை இருக்கு. உள்ள கொண்டுபோனா குளிர்ல பேட்டரி செத்துடும். அதான் எல்லாரும் இங்க வெச்சுட்டுப் போவாங்க. யாராவது கேட்டு வருவீங்கன்னு பத்திரமா வெச்சிருக்கேன்."

"நான் கூப்பிட்டேனே, எடுக்கலையே."

"அடுத்தவங்க போன எடுத்துப் பேசக் கூடாது தம்பி. இங்க அது ஒண்ணுதான் சட்டம்."

"ஆனா அழுத்துனீங்களே?"

"உங்க அக்கா சொன்ன வேலையாச்சே. பூட்டத் திறக்க நம்பர்கூடச் சொல்லிக் குடுத்திருந்துச்சு. நான் வெளிய வர்றதுக்கு முன்னாடி வீட்டச் சூடாக்கிடுங்கண்ணேன்னு. வருஷக்கணக்கா பண்ணின கை. வேண்டாம்னு நெனச்சாலும் தானா போகுது."

"அவளுக்குக் குளிருமேன்னுதான் நானும் பொறுத்துக்கிட்டு..."

"அதுக்கா?" அவர் சிரிப்பை அடக்கினார். "சூடு பட்டா அதுக்குக் கை எரியும். இதோ இந்தத் தூண்கிட்ட நின்னு ஆறிட்டுத்தான் கிளம்பும். உங்களுக்காகத்தான் தம்பி. சின்ன வயசுல நெஞ்சுச் சளியாமே. நாள் பூரா ஒரே எடத்துல உக்காந்திருப்பான், வெறைச்சுப் போயிடுவான்னு சொல்லும்."

அந்தச் சளி எனக்குப் பத்து வயதிலேயே போய்விட்டது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அறைக்குள் போனதும் அவள் ஜன்னலைத் திறக்கும்போது கொண்டி தடக்கென்று விழும் சத்தம் நினைவுக்கு வந்தது. தெருவை வேடிக்கை பார்க்கிறாள் என்றே அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

கைபேசியை வாங்கி வந்தேன். மெக்கானிக்கை வரச் சொன்னேன்.

அவர் பழையதைக் கழற்றியபோது சுவரில் வெளுத்த வட்டம் ஒன்று தெரிந்தது. "பழைய பழக்கத்த இதுல ஏத்திடவா சார், இல்ல புதுசாவே கத்துக்கட்டுமா?"

"புதுசாவே கத்துக்கட்டும்."

"யார் யார் போன சேக்கணும்?"

இரண்டையும் மேசையில் வைத்தேன். பச்சை உறையைப் பார்த்து, "இது யாரோடது?" என்றார்.

"அக்காவோடது."

"வெளியூரா?"

"வேலைக்குப் போயிருக்கா," என்றேன். வாய் அப்படித்தான் சொன்னது.

மறுநாள் கைபேசியைக் காவலாளியிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் மறுப்பு சொல்லவில்லை. "எவ்வளவு ஏத்தட்டும்?" என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் பொதுவா, கொஞ்சமா."

அன்றிலிருந்து மாலையில் வீடு இளஞ்சூடாகிறது. பனியனோடு உட்கார வேண்டியதில்லை. அந்த வரியும் வருகிறது.

இன்று அவர் விடுப்பில் இருக்கிறார். மகள் வீட்டுக்குப் போகிறேன், உங்க அக்கா போன் கூண்டுக்குள்ள பூட்டி இருக்கும், கவலைப்படாதீங்க என்று நேற்றே சொல்லியிருந்தார். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் சுவரில் வெளிச்சம் வந்தது. சூடு மெல்ல ஏறியது. புதிய கருவி அதற்குள் கற்றுக்கொண்டிருக்கும். அதன் வேலையே அதுதானே.

திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று போய்ப் பார்க்கவில்லை. எழுந்து அக்காவின் அறைக்குப் போய், ஜன்னலை அகலத் திறந்து வைத்தேன்.