இடது பக்கம் விழுந்த கோல்கள்

ஐந்து ஆட்டங்கள் முடிந்திருந்தன, இன்னும் ஐந்து பாக்கி. ஒன்றில் ஜெயித்திருந்தோம், ஒன்று சமன், மூன்றில் தோல்வி. ஜெயித்தோம், தோற்றோம் என்று நான் சொல்வது வாய்ப் பழக்கம். நான் ஒருநாளும் பந்தை உதைத்தவள் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பகுதிக் கால்பந்து அணியின் ஆட்டங்களை விடாமல் பார்க்கிறவள், அவ்வளவுதான். மாவட்ட லீக் நடக்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, குழம்பை இறக்கி வைத்துவிட்டு, வீட்டுக்காரரோடு ஸ்கூட்டரில் மைதானத்துக்குக் கிளம்பிவிடுவேன். என் அப்பா இதே அணிக்குக் கோல் கீப்பராக நின்றவர். அதனால் கீப்பர்களைப் பற்றிப் பேச எனக்குத் தனி உரிமை உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் அணியைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய ஆட்டக்காரர்களில் ஒருவர் துபாய் போய்விட்டார். இரண்டு பேருக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. ஒருவருக்கு முழங்கால் போயிற்று. மிச்சமிருந்தவர்களோடு, மில் வேலைக்குப் போகிறவர்கள், காலேஜில் படிக்கிறவர்கள் என்று கிடைத்த ஆளைச் சேர்த்துக் கோச் ஒரு அணியை நிறுத்தியிருந்தார். கோல் கீப்பரும் புதியவன். சுந்தரபாண்டியத்துக்காரன், இருபத்தேழு இருபத்தெட்டு வயதிருக்கும். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. நல்ல உயரம். முதல் ஆட்டத்தில் அவன் தாவிப் பிடித்த ஒரு பந்தைப் பார்த்து நானே எழுந்து நின்று கை தட்டினேன்.

ஐந்தாவது ஆட்டம் ராஜபாளையத்தில். மூன்று கோல் வாங்கினோம். மூன்றுமே அவனுக்கு இடது பக்கமாக வந்தவை. கடைசி கோல் ஒரு கோலே இல்லை. கார்னரிலிருந்து உதைத்த பந்து யார் தலையிலும் படாமல், ஆடி அசைந்து, அவனுடைய இடது தோளுக்குப் பக்கத்தில் வலைக்குள் போய் விழுந்தது. அவன் கையைத் தூக்கக்கூட இல்லை. பந்து உள்ளே விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தான். எதிரணிக்காரர்கள் சந்தோஷப்படுவதை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

ஆட்டம் முடிந்து டீக்கடையில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். நான், என் வீட்டுக்காரர், மின்சார வாரியத்தில் ரிட்டையரான லைன்மேன் அண்ணன். எல்லா ஆட்டத்துக்கும் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகத்தான் உட்காருவோம்.

"பாதி சீசன் ஆயிப்போச்சு. இதுதான் நீரு சொன்ன புது டீமாக்கும்?" என்றார் வீட்டுக்காரர்.

"செத்த பொறுமையா இருங்க மாப்ளே. புதுப் பயலுவ. ஒருத்தன் ஓடுத ஓட்டம் இன்னொருத்தனுக்குப் பழகணும்லா? போன மாசத்துக்கு இந்த மாசம் நடுவுல நல்லாத்தான் வெளையாடுதானுவ" என்றார் அண்ணன்.

"டிஃபென்ஸ் ஓட்டையா கெடக்கு."

"டிஃபென்ஸ் ஒண்ணும் ஓட்டை இல்ல" என்று நான் குறுக்கே விழுந்தேன். "கீப்பர் சரியில்ல. எங்கப்பா இருந்தா அந்தக் கடைசிப் பந்தை ஒத்தக் கையில தட்டி விட்டிருப்பாவ."

அண்ணன் என்னைப் பார்த்தார். "அந்தப் பய கம்பத்தைத் தொட்டுத் தொட்டு நிக்கானே, கவனிச்சியா தாயி?"

"பயம். வேற என்ன?" என்றேன்.

எங்கள் ரசிகர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பாதி சீசன் முடிந்ததும் ஆளாளுக்கு அணியைப் பற்றி மதிப்புரை போடுவார்கள். எனக்கு டைப் அடிக்க வராது. குரல் பதிவுதான். 'அக்கா வாய்ஸ் எப்ப வரும்?' என்று கேட்டு நாலைந்து பேராவது செய்தி போடுவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் செக்கிங் பிரிவில் எனக்கு வேலை. நாள் முழுக்க வெள்ளைத் துணியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, இழை விட்ட இடத்தில் குறி போடவேண்டும். அங்கே நான் பேசுவதை யாரும் கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை. இந்தக் குழுவில் எண்பது பேர் கேட்டார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனிக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் நின்று பேசினேன். ஒவ்வொரு ஆட்டக்காரனைப் பற்றியும் சொன்னேன். நடுவில் ஆடும் காலேஜ் பையனைப் பாராட்டினேன். கோச்சுக்கு இரண்டு யோசனை சொன்னேன். கீப்பரிடம் வந்ததும் குரலை ஏற்றினேன்: "எடது பக்கம் வார பந்து ஒண்ணும் அவன் கண்ணுல படல. ஒத்தக் கண்ணன் கணக்கா நிக்கான். அந்தப் பக்கம் கோலு போனது அவனுக்குக் கைதட்டல் கேட்டுத்தான் தெரியுது. கோச்சு சாரு, ப்ராக்டிஸெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம். மொதல்ல அவனை ஒரு கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அந்தச் சிரிப்பும் பதிவாகியிருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது பார்த்தால் வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். யாரோ என் பேச்சை அந்தக் கார்னர் கோல் வீடியோவோடு சேர்த்து வேறு குழுக்களுக்கு அனுப்பியிருந்தார்கள். எனக்குத் தெரியாத எண்களிலிருந்துகூட 'செம அக்கா' என்று வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் லைன்மேன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வாசலிலேயே சத்தம் கொடுத்துக்கொண்டு வருவார். அன்று பேசாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கீப்பர் தம்பிய வண்டியிலேருந்து எறக்கிட்டாங்க" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர்தான் சொன்னார். என் பேச்சு அவன் வேலை பார்க்கும் மில்லுக்குப் போயிருக்கிறது. வண்டி நிறுத்தும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து போட்டுக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. போன மாதம் கீப்பர் வண்டியைத் திருப்பும்போது இடது பக்கம் கேட் தூணில் உரசியது அவருக்கு நினைவுக்கு வந்திருக்கிறது. மறுநாளே ஒரு ஆள் துணையோடு அவனைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். இடது கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். பக்கவாட்டுப் பார்வை அறவே இல்லை. போனது போனதுதான், திரும்பாது.

"பள்ளிக்கூடத்துல படிக்கும்போது கண்ணுல பந்து பட்டிருக்கு. அதுல வந்ததா இருக்கலாம்ங்காங்க" என்றார் அண்ணன். "ரெண்டு வருஷமா அவனுக்குத் தெரிஞ்சிருக்கு தாயி. யாருகிட்டயும் சொல்லல."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் எழுந்துபோய் அண்ணனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். நான் போனை எடுத்து அந்தப் பதிவை அழிக்கப் பார்த்தேன். நாள் கடந்துவிட்டதால் என் போனிலிருந்து மட்டும்தான் அழிக்க முடிந்தது.

சனிக்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு சுந்தரபாண்டியம் போனோம். புரட்டாசி சனி. மலைப் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்திருந்தது. ஸ்கூட்டர் நின்று நின்று போயிற்று. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் திரும்பிவிடலாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். ஊர் எல்லை வந்ததும் வீட்டுக்காரர், "என்ன சொல்லப் போறே?" என்று கேட்டார்.

கதவைத் திறந்தது அவன் மனைவி. என் குரலைக் கேட்டதும் அவளுக்கு நான் யார் என்று தெரிந்துவிட்டது. நான் பெயர்கூடச் சொல்லவில்லை. "வாங்க" என்றுகூட அவள் சொல்லவில்லை. கதவைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளேயிருந்து அவன், "யாரு?" என்றான். "அந்த அக்கா" என்றாள்.

அவன் எழுந்து வந்து எங்களுக்குப் பாய் விரித்தான். மைதானத்தில் தூரத்தில் இருந்தே பார்த்த ஆளைப் பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன். கண்ணில் ஒரு குறையும் தெரியவில்லை. இரண்டு கண்ணும் ஒன்றுபோல்தான் இருந்தன. ஆனால் தன் இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரிடம் பேச அவன் தலையை முழுவதும் திருப்பவேண்டியிருந்தது. ஐந்து ஆட்டத்தில் அவன் அப்படித் திருப்பியதை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன்.

"எனக்குத் தெரியாதுப்பா. சத்தியமா தெரியாது" என்றேன்.

"தெரிஞ்சு சொன்னீங்கன்னு நான் நெனைக்கலக்கா."

"மன்னிச்சிரு."

"நீங்க சொன்னது பொய் இல்லயே. சிரிச்சீங்கள்லா, அதான்..." என்று நிறுத்திக்கொண்டான்.

கம்பத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது ஏன் என்று வீட்டுக்காரர் கேட்டார். இடது பக்கம் கம்பம் எங்கே இருக்கிறதென்று கையால் தெரிந்துகொண்டால்தான் தான் நிற்கும் இடம் பிடிபடும் என்றான். வலது பக்கம் வரும் பந்தைப் பற்றிக் கவலையே இல்லையாம். இடது பக்கப் பந்துக்கு எதிராளியின் இடுப்பைப் பார்த்து முன்கூட்டியே சாய்ந்துவிடுவானாம். முதல் ஆட்டத்தில் நான் எழுந்து நின்று கை தட்டினேனே, அந்தப் பந்து அப்படிப் பிடித்ததுதான். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போயிற்று.

காப்பி கொண்டுவந்து வைத்த அவன் மனைவி அப்படியே நின்று, "ரெண்டு வருஷமா என்னையும் பிள்ளையையும் பைக்குல வச்சு ஓட்டுதாரு" என்றாள். "எங்கிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லல. உங்களத் திட்டணும்னுதான் இருக்கு எனக்கு. வண்டி வேலை போயி மில்லு கேட்டுல வாட்ச்மேனா நிக்க விட்டிருக்காங்க. சம்பளம் கொறைஞ்சு போச்சு. ஆனா உங்களால இல்லன்னா எனக்கு இது தெரியவே தெரியாது. இப்ப நான் உங்கள என்ன செய்யணும்? நீங்களே சொல்லுங்க."

காப்பியைக் குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது. குழந்தை உள்ளேயிருந்து வந்து தகப்பனின் இடது பக்கத்தில் நின்று சட்டையைப் பிடித்து இழுத்தது. அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். நாங்கள் கிளம்பிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து குழுவில் இன்னொரு பதிவு போட்டேன். நான் பேசியது தப்பு, அந்தத் தம்பியிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அந்த வீடியோவை யாரும் இனி அனுப்பாதீர்கள் என்று சொன்னேன். சிலர் கும்பிடும் கைகள் போட்டார்கள். ஒருவர், 'நல்லதுதான் அக்கா நடந்திருக்கு, வண்டி எங்கயாவது மோதியிருந்தா?' என்று எழுதினார். என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் யாரையும் காப்பாற்ற நினைத்து நான் அந்தப் பேச்சைப் பேசவில்லை. எண்பது பேர் சிரிக்கவேண்டும் என்றுதான் பேசினேன்.

அடுத்த ஆட்டத்துக்கு நான் போகவில்லை. அதற்கடுத்த ஆட்டத்துக்கு அண்ணன் வற்புறுத்தி அழைத்துப் போனார். இடைவேளையில் கோச் எங்கள் பக்கம் வந்தார். நான் ஏதோ சொல்லத் தொடங்குவதற்குள் அவரே, "எனக்குச் சந்தேகம் இருந்துச்சுங்க. ப்ராக்டிஸ்ல ரெண்டு மூணு தடவ கவனிச்சேன். கேட்டா வேற கீப்பருக்கு எங்க போவேன்? அதான் கேக்கல" என்றார். சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் தன் பங்கையும் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பார்த்தவர் கேட்கவில்லை, பார்க்காத நான் பேசினேன் என்றுதான் தோன்றியது.

அண்ணன் சொன்னது பலித்தது. பயல்கள் ஒருவரோடு ஒருவர் பழகிவிட்டார்கள். புதிதாக வந்த கீப்பர் சுமார்தான் என்றாலும், நடுவில் ஆடிய காலேஜ் பையன் ஆட்டத்தையே மாற்றினான். மிச்சமிருந்த ஐந்தில் மூன்று ஜெயித்தோம். குழுவில் ஒரே கொண்டாட்டம். அடுத்த வருஷம் கோப்பை நமக்குத்தான் என்று எழுதினார்கள். அணி எழுந்துவிட்டது, அதில் சந்தேகமில்லை. கோல் விழும்போது நானும் கை தட்டினேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. என் பேச்சு எப்போது வரும் என்று யாரும் கேட்கவும் இல்லை.

போன வாரம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் அவன் மனைவியைப் பார்த்தேன். கையில் கண் ஆஸ்பத்திரிச் சீட்டும் சொட்டு மருந்துப் பையும். அவளே என் பக்கத்தில் வந்து நின்றாள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தையல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாம். அவன் இப்போது பந்து பக்கமே போவதில்லையாம். டிவியில் ஆட்டம் வந்தாலும் மாற்றிவிடுகிறானாம்.

"வலது கண்ணு?" என்று கேட்டேன்.

"இதுவரைக்கும் நல்லாத்தான் இருக்கு. அதுக்கும் வரலாம்னு சொல்லியிருக்காங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா பாக்கணும்."

"அடுத்து எப்ப?"

"வார பத்தொம்பதாம் தேதி."

சுந்தரபாண்டியம் பஸ் வந்தது. அவள் "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு ஏறினாள். கூட்டத்தில் அவளுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்தொன்பதாம் தேதி ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வரட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் நகர்ந்துவிட்டது.